உஸ்தாத் காட்டின கன்னம்

ஃபோனை இன்னும் கிட்ட தள்ளி வைம்மா. இந்த ஃபேன் போடற சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்க மாட்டேங்குது. மாத்திக் குடுய்யான்னு வூட்டுக்காரன்கிட்ட மூணு தபா நல்ல விதமா சொன்னேன். நாலாவது தபா சட்டையைப் புடிச்சு செவுத்தோட சாத்தினேன். அதுலருந்து அந்தாளு மாடிப்படியே ஏறறதில்ல. ஃபேனும் மாறல. நான் கோவக்காரன் இல்லம்மா. சாலிகிராமத்துல யாரை வேணா கேட்டுப் பாரு, கஜபதி தங்கமான ஆளுன்னுதான் சொல்லுவாங்க. எதிர்ல நிக்கறவன் என் கைக்கு வேலை வெக்கறான், அவ்ளோதான்.

நீ திருவல்லிக்கேணி, காலேஜ்ல அரபி சொல்லித்தர டீச்சர், பேரு நஸீமா. கரெக்டா? கெய்ரோலருந்து சப்ரி ஜஹ்ரானோட பொண்ணு உனக்கு லெட்டர் போட்டுருக்கு. எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு, மெட்ராஸ்ல கஜபதின்னு ஒரு ஸ்டண்ட் ஆளு, அந்தாளைத் தேடிப் புடிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதுன்னு. நீயும் யூனியன் ஆபீஸ்ல அட்ரஸ் வாங்கிட்டு மூணு மாடி ஏறி வந்துட்ட. கேள்வியை இப்ப படிக்காத. இன்னா கேள்வின்னு எனக்குத் தெரியும். வேணும்னு அடிச்சானா, கை தவறிடுச்சான்னு. அதானே? சொல்றேன். முதல்லருந்து சொல்றேன், குறுக்க பேசாம கேளு. வேணி, டீச்சருக்கு ஒரு டீ போடு! உள்ள பாத்திரம் தேய்க்குது பாரு, அது என் தங்கச்சி அம்சவேணி. எங்க மாசிலாமணி சம்சாரம். மாசிலாமணி யாருன்னு வரேன் இரு.

எண்பத்தாறாம் வருஷம். எங்க தாமோதரன் மாஸ்டருக்கு எகிப்துல ஒரு படம் வந்துச்சு. நம்ம ஊரு சண்டைன்னா அந்த ஊரு ஜனங்களுக்கு உசுரு. மெட்ராஸ்லருந்து ஆறு ஃபைட்டரோட வாங்கன்னு கூப்ட்டாங்க. ஆறு பேர்ல நான் ஒருத்தன், என் மச்சான் மாசிலாமணி ஒருத்தன். நான்தான் அவனுக்கு என் தங்கச்சியைக் குடுத்தேன். மூணு மாடி உசரத்துலருந்து சிரிச்சிக்கிட்டே குதிப்பான். ஏர்ப்போர்ட்டுக்கு யூனியனே லாரி புடிச்சு வந்து மாலை போட்டு, மேளம் அடிச்சு அனுப்புச்சு. அப்படி மாலை வாங்கிட்டுப் போனவன் பாதியில திரும்பி வந்தா வடபழனில தலை காட்ட முடியுமா? முடியாதும்மா. அதை நீ ஞாபகம் வெச்சுக்கணும்.

அங்க போனா, எங்க பாத்தாலும் ஒரே மூஞ்சி. டீக்கடையில, சலூன்ல, பஸ்சு கண்ணாடியில, எல்லாம் சப்ரி ஜஹ்ரான். உஸ்தாத்துன்னுதான் கூப்புடுவாங்க, நம்ம ஊர்ல வாத்தியார்ங்கற மாதிரி. நாங்க போன படத்துக்கும் அவர்தான் ஹீரோ. ஆளு ஒண்ணும் அழகு இல்ல. கட்டை குட்டையா, உடைஞ்ச மூக்கோட, நம்ம புளியந்தோப்பு சந்தையில மூட்டை தூக்கறவன் மாதிரி இருப்பாரு. மூட்டை தூக்கினவர்தான். அலெக்சாந்திரியா துறைமுகத்துல அவங்கப்பா பஞ்சு மூட்டை சுமந்தவரு. ஒரு நாள் மேஸ்திரி அவரைக் கீழ தள்ளி நெஞ்சு மேல மிதிச்சிருக்கான். பையனுக்கு அப்ப பதினாறு வயசு. மூட்டை இழுக்கற கொக்கியை எடுத்து அந்த மேஸ்திரியோட தோளைக் கிழிச்சுட்டு கெய்ரோவுக்கு ரயில் ஏறிட்டாரு. எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இது. இந்தக் கதையெல்லாம் மேக்கப்மேன் சொன்னாரு. பம்பாய்ல கொஞ்ச நாள் இருந்தவரு, இந்தி பேசுவாரு. எனக்கும் இந்திப் படத்துல அடி வாங்கி வாங்கி இந்தி வந்துடுச்சு.

கெய்ரோவுல கூட்டத்துல நிக்கற வேஷம் கெடைச்சிருக்கு. அந்தக் காலத்து ஹீரோ ஒருத்தன், பெரிய வூட்டுப் புள்ள. ஒரு சீன்ல வேலைக்காரனை அறையணும். வேலைக்காரன் நம்ம உஸ்தாத். வசனம் வரல ஹீரோவுக்கு. பதினேழு டேக்கு. பதினேழு தபாவும் நெஜமா அறைஞ்சிருக்கான். உதடு கிழிஞ்சு, பல்லு ஆடி, சட்டை பூரா ரத்தம். ஹீரோ கைக்குட்டையில கையைத் துடைச்சிட்டு, இவரைத் திரும்பிக்கூடப் பாக்காம காருல ஏறிப் போயிட்டானாம். ஆனா படம் வந்ததும் ஜனங்க கேட்டது யாரைத் தெரியுமா? அந்த வேலைக்காரன் யாருய்யான்னுதான் கேட்டாங்க. அப்படி ஏறினவருதான். அறுபது படம். ரவுடியா, பஸ் டிரைவரா, கொலைகாரனா. எல்லாத்துலயும் அடி. ரத்தம் இல்லாத உஸ்தாத் படம்னா அந்த ஊர்ல டிக்கெட்டைக் கிழிச்சு மூஞ்சில எறிவான்.

அவர்கிட்ட ஒரு வழக்கம். இது இல்லாம என் கதையே இல்ல, கவனமா கேளு. நம்ம ஊர்ல அடி படாதும்மா. கை காத்துல போவும், வாங்கறவன் அதே நேரத்துக்குத் தலையை வெடுக்குன்னு ஒரு பக்கம் வெட்டித் திருப்புவான், கேமராவுக்கு அடி மாதிரி தெரியும். இவர் படத்துல அடின்னா அடிதான். வாங்கறவன் செலை மாதிரி அசையாம நிக்கணும். கன்னத்துச் சதை மேல மட்டும் படற மாதிரி அளந்து போடுவாரு. எரியும், செவக்கும், வேற ஒண்ணும் ஆகாது. ஷூட்டிங் முடிஞ்சதும் அன்னிக்கு அவர்கிட்ட அடி வாங்கினவங்க எல்லாரும் வரிசையா நிக்கணும். உஸ்தாத் ஒவ்வொருத்தர் முன்னாடியும் வந்து தன் கன்னத்தைக் காட்டுவாரு. திருப்பி அடின்னு அர்த்தம். யாரும் அடிக்க மாட்டாங்க. ரெண்டு விரலால கன்னத்தை லேசாத் தொட்டு "கலாஸ்"ம்பாங்க. முடிஞ்சுபோச்சு, மனசுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். உனக்கு நான் அரபி சொல்லித் தரேன் பாரு!

எங்களுக்கு இது யாரும் சொல்லல. முதல் நாள் வரிசையில மொத ஆளு மாசிலாமணி. உஸ்தாத் வந்து கன்னத்தை நீட்டினாரு. இவன் பாத்தான். நாளைக்கு ஷாட்டுக்கு ரிகர்சல் போலருக்குன்னு நெனச்சுக்கிட்டு, பளார்னு உட்டான் பாரு ஒரு அறை! ஐயோ. ஸ்டூடியோ அப்படியே நின்னுபோச்சு. லைட்டுக்காரன் ஏணியிலருந்து எறங்கிட்டான். நாலு பேரு மாசிலாமணி கழுத்தைப் புடிச்சுட்டாங்க. உஸ்தாத் கன்னத்தைத் தேய்ச்சாரு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சு சிரிச்சு தரையில உக்காந்துட்டாரு. இருபது வருஷமா கன்னத்தைக் காட்டறேன், திருப்பிக் குடுத்த மொத மனுஷன் நீதான்டான்னு அவனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அன்னிலருந்து ரெண்டும் ஒண்ணா திரியும். பேச பாஷை கிடையாது. ஆனா சோத்துல மக்ரோனியைப் போட்டு மேல பருப்பும் பொரிச்ச வெங்காயமும் கொட்டித் தருவான் அந்த ஊர்ல, அதை ஒரே தட்டுல துன்னும். எனக்கு எரிச்சலா இருக்கும். பொறாமைல்லாம் இல்ல. நான் எதுக்குப் பொறாமைப்படணும்?

பன்னெண்டாவது நாள் பெரிய சீனு. துறைமுகத்துல கூலிக்காரங்களைக் காட்டிக் குடுத்தவனை உஸ்தாத் ஊரு முன்னாடி அறையணும். அந்த வேஷம் மாசிலாமணிக்கு. இவன்தான் வேணும்னு உஸ்தாத்தே கேட்டாரு. காலையில மாசிலாமணி என்கிட்ட வந்து, மச்சான், பெரிய ஷாட்டு, இன்னிக்கு உஸ்தாத் கை கொஞ்சம் வெயிட்டாதான் வரும்னான். பயப்படறான். நான் சொன்னேன், பைத்தியக்காரா, நம்ம ஊரு மாதிரி நேரம் பாத்துத் தலையை வெட்டிடு, பாதி அடிதான் படும்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். கூடப் பொறந்தவளோட புருஷன், அவனுக்குக் கெட்டதா சொல்லுவேன்?

உஸ்தாத் கை வந்துச்சு. இவன் தலையை வெட்டினான். கன்னத்துல படவேண்டிய கை அப்படியே காதை மூடி அறைஞ்சுது. பட்டாசு மாதிரி சத்தம். மாசிலாமணி விழல, நின்னான். காதுலருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்துல எறங்குச்சு. டைரக்டர் கைதட்டறான். உஸ்தாத் மட்டும் ஷாட்டு முடிஞ்சும் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவன் காதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அடிச்சுக் கிழிச்சவருக்குப் பாக்கறது ஒண்ணுதான் கொறைச்சல்!

அன்னியிலருந்து இடது காது மாசிலாமணிக்குச் செத்துப்போச்சு. வலது காதுலயும் ஓயாம ஒரு இரைச்சல்ன்னான். கூப்ட்டா திரும்ப மாட்டான். மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன் மச்சான்னான். நான் அவன் சட்டையைப் புடிச்சேன். சொன்னா நாளைக்கே ஃப்ளைட்டு ஏத்திடுவாரு, போட்ட மாலை வாடறதுக்குள்ள ஊருக்குப் போய் நிக்கப் போறியா, இன்னும் பத்து நாள், வாயை மூடிக்கினு இருன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டான். நான் சொன்னா கேப்பான், நல்ல புள்ள. மறுநாள் உஸ்தாத் லாட்ஜுக்கு ஒரு டாக்டரை அனுப்பிச்சாரு. பெரிய டாக்டர், பொட்டியோட வந்தாரு. நான் வாசல்லயே மறிச்சு, காது நல்லாயிடுச்சு, ஒண்ணும் இல்ல, சுக்ரன் சுக்ரன்னு அவங்க பாஷையில நன்றி சொல்லி, கும்புட்டு அனுப்பிட்டேன். பாத்துட்டு மாஸ்டர்கிட்ட போட்டுக் குடுத்துட்டா? எப்படி சமாளிச்சேன் பாரு.

இன்னா வேணி, டீ ஆச்சா? சத்தத்தையே காணோம்.

சரி. இருபதாவது நாள். கிடங்கு பத்தி எரியற சீனு. மூணாவது மாடி ஜன்னல்லருந்து நானும் மாசிலாமணியும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் குதிக்கணும். கீழ அட்டைப்பெட்டி அடுக்கி மேல மெத்தை. ஒரே பொகை, மேல இருக்கறவனுக்குக் கீழ தெரியாது. நான் மொதல்ல குதிச்சு உருண்டு வெளிய வந்துடணும். மாசிலாமணி பத்து எண்ணணும். பெட்டி சரியா இருந்தா நான் சும்மா இருப்பேன். சரியில்லன்னா பத்துக்குள்ள கத்துவேன், அவன் நின்னுடணும். இதுதான் பேச்சு. கொரலு போதுமா, இல்ல கயிறு கட்டி ஆட்டிக் காட்டணுமான்னு மாஸ்டர் கேட்டாரு. எதுக்கு மாஸ்டர், என் கொரலு போதும்னேன். கயிறு வேணும்னா ஏன்னு கேப்பாரா மாட்டாரா? கேப்பாரு. உலகத்துல எதைத்தான் சொல்லி முடியும்?

குதிச்சேன். என் பாரத்துல நடு அடுக்கு கிழிஞ்சு பெட்டியெல்லாம் பக்கத்துல சிதறிடுச்சு. நடுவுல வெறும் சிமெண்டுத் தரை. எழுந்து கத்தினேன். நில்லு மச்சான், நில்லு, நில்லுடான்னு தொண்டை கிழியக் கத்தினேன். அந்தத் தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவன் பொகைக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்திருக்கான். பத்துக்குக் கரெக்டாக் குதிச்சான். என் காலுக்கு நாலடி தள்ளி தலை பட்டு விழுந்தான். தேங்கா உடைக்கற சத்தம். ரெண்டு கையால தலையைச் சேத்துப் புடிச்சேன், விரல் சந்துல எல்லாம் ரத்தம், புடிக்கவே முடியல. சொல்ல முடியலம்மா. அந்தச் சூடு இன்னும் இந்தக் கையில இருக்கு.

அவனைக் கொன்னது யாரு? நீயே சொல்லு. காதைக் கிழிச்சவன்தானே கொன்னான்? இதுக்கு மேல இன்னா விசாரணை வேண்டிக்கெடக்கு?

ஆஸ்பத்திரி வாசலுக்கு உஸ்தாத் வந்தாரு. செருப்பு இல்ல, கிழவன் மாதிரி ஆயிட்டாரு. நேரா என் முன்னாடி வந்து கன்னத்தைத் திருப்பினாரு. சுத்தி அம்பது பேரு. நான் தொடல. அடிக்கவும் இல்ல. எச்சிலைக் கீழ துப்பிட்டு நவுந்துட்டேன். ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி மாசிலாமணி விரல்லருந்து மோதிரத்தைக் கழட்டிக் குடுத்தாங்க. கல்லு வெச்ச கல்யாண மோதிரம். வேணிகிட்ட குடுக்கணும்னு வாங்கினேன். குடுக்கல, என் விரல்ல போட்டுக்கிட்டேன்.

பாடி கூட மாஸ்டர் போனாரு. நான் போகல. எனக்கு இன்னும் ஒரு ஷாட்டு பாக்கி. கடைசி சீனு. கரையில அடியாளுங்க உஸ்தாத்தை அடிச்சே கொல்லணும், கடைசி அடி என்னுது. அவர் படத்துல அவரும் நெஜ அடிதான் வாங்குவாரு, அசையாம நிப்பாரு. எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டும்மா. ஷாட்டுக்கு முன்னாடி மோதிரம், வாட்சு எல்லாம் கழட்டணும். கழட்டாம கை ஓங்கினவனை யூனியன்லருந்தே தூக்கிடுவாங்க. நான் கழட்டல. கல்லு உள்ளங்கை பக்கம் வர்ற மாதிரி திருப்பி வெச்சுக்கிட்டேன்.

ஊருக்கெல்லாம் கை தவறிடுச்சுன்னுதான் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷமா அதான் சொல்றேன். உன் ஃபோன்ல மொத தபா சொல்றேன், எழுதிக்கோ. கை தவறல. கன்னத்துக்கு ஓங்கி கண்ணுல எறக்கினேன். மொத்த பாரத்தையும் வெச்சு எறக்கினேன். வேணும்னேதான்!

ஆனா ஒண்ணு. ஓங்கறதுக்கு முன்னாடி அவர் என் கையைப் பாத்தாரு. மோதிரத்தைப் பாத்தாரு. யாருதுன்னு அவருக்குத் தெரியும், ஒரே தட்டுல துன்னவராச்சே. ஒரு வார்த்தை, கட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷாட்டு நின்னுருக்கும். சொல்லல. முகத்தை ஒரு நூலு கூட நவுத்தல. அடி விழுந்துச்சு, கண்ணு பொத்துக்கிச்சு, மல்லாக்க விழுந்தாரு. கேமரா ஓடுது. மூஞ்சி பூரா ரத்தம். அதுக்குள்ளருந்து என்னைப் பாத்து சிரிச்சாரு. ரெண்டு விரலை எடுத்துத் தன் கன்னத்தைத் தானே தொட்டுக்கிட்டாரு. நக்கலு! இவ்ளோதானா உன் அடின்னு நக்கலு! அப்படித்தான் நான் நெனச்சேன். வேற இன்னா நெனைக்கறது?

போலீஸ் வந்துச்சு. உஸ்தாத், நான்தான் தப்பான இடத்துல மூஞ்சியை வெச்சேன், அவன் மேல பிசகு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஒரு இந்தியாக்காரன்கிட்ட அடி வாங்கினேன்னு சொல்ல வெக்கம். அப்புறம் அந்த ஒத்தக் கண்ணோடவே இருபது வருஷம் நடிச்சாரு. முன்னைக்கு மேல மார்க்கெட்டு. அவர் செத்தப்ப டிவியில நாள் பூரா அந்தக் கடைசி சீனைத்தான் போட்டாங்கன்னு நீயே படி ஏறி வந்ததும் சொன்ன. ஜனங்க அழுதாங்களாமே. என் கைம்மா அது! அந்தப் படத்துல என் பேரு எங்கயாவது இருக்கா? ஒரு ஓரமா?

அவ்ளோதான். இப்ப படி உன் கேள்வியை. பதில் சொல்லியாச்சு, இருந்தாலும் படி.

இன்னாது?

திருப்பிப் படி.

"டாக்டரை நீங்க வாசல்லயே திருப்பி அனுப்பினீங்க, காது நல்லாயிடுச்சுன்னு சொன்னீங்க. எங்கப்பா கடைசி வரைக்கும் தன் கைதான் மாசிலாமணியைக் கொன்னுதுன்னு தூங்காம கெடந்தாரு. காது நெஜமாவே நல்லாயிருந்துச்சா?" இதுவா கேள்வி? கண்ணைப் பத்தி ஒண்ணும் இல்லையா? பின்னால திருப்பிப் பாரு. ஒண்ணும் இல்லையா?

இது இன்னா கேள்வி. இதெல்லாம் ஒரு கேள்வியா? நல்லாயிருந்துச்சுன்னு சொன்னா, கத்தினது அவனுக்குக் கேட்டிருக்கணுமே. நல்லா இல்லன்னு சொன்னா... தபாரு, ஃபோனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு.

வேணி. நீ எப்ப வந்து நின்ன? டீயை டீச்சருக்குக் குடு. ஏன் அப்படிப் பாக்கற?

இன்னா கேக்கற? ஆமா, டாக்டர் வந்தாரு. ஆமா. காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்... தெரிஞ்சும்தான் குரல் குடுக்கறேன்னு சொன்னேன். தலையை வெட்டுன்னு சொன்னதும் நான்தான். எல்லாம் நான்தான் வேணி. முப்பத்தெட்டு வருஷமா அந்தாளைத் திட்டறப்பல்லாம் நீயும் கூடத் திட்டுவியே, நான் பேசாம உக்காந்து சோறு துன்னேனே. பாவி நான். சண்டாளப் பாவி.

தோ, எழுந்துட்டேன். தோ என் கன்னம். அடி. டீச்சர் பாத்தா பாக்கட்டும். செருப்பால அடி, கரண்டியால அடி. அடி வேணி! உன் கால்ல விழறேன், ஒரே ஒரு அடி.

பாத்தியாம்மா. கையைத் தூக்கல. உள்ள போயிடுச்சு.

ஃபோனை நிறுத்தாத. அந்தப் பொண்ணுக்கு எழுது. உங்கப்பா கை யாரையும் கொல்லலன்னு எழுது. அந்தாளுக்கு கலாஸ், எப்பவோ கலாஸ்னு எழுது. எனக்கு ஆகலன்னும் எழுது. இந்தச் சத்தம் உன் ஃபோன்ல விழுதா? காலையிலயே தேய்ச்சு அடுக்கின பாத்திரம்மா. எல்லாத்தையும் எறக்கித் திரும்பத் தேய்க்குது.